துணைக்கு வந்தவள் கொடுத்த சான்று

அடி சேக்காளி,

இன்றைக்குக் காலையில் புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். முழங்கால் வலி. நீ இருந்திருந்தால், "ஒனக்கு முழங்கால் இருக்குன்னு இப்பத்தான் தெரியுதாக்கும்" என்று கேட்டிருப்பாய். உள்ளே நுழைந்ததும் பினாயில் வாசனை மூக்கில் ஏறியது. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிகளில் எலுமிச்சை வாசனை, ரோஜா வாசனை என்று எதை எதையோ ஊற்றித் துடைக்கிறார்கள். இங்கே அந்தப் பழைய பினாயிலேதான். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கால் வலியில் நிற்கிறேன் என்று நினைத்து என் மகன் கையைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் சின்ன வயசுப் பையன். என்னைப் பார்த்துத்தான் கேட்டான், "எத்தனை நாளா வலிக்குது பாட்டி?" மகன் சொன்னான், "ரெண்டு மாசமா இருக்கு சார்." "மாடிப்படி ஏறும்போது வலிக்குதா?" "ஆமா சார், ஏறும்போதுதான்." நான் மாடி ஏறி எத்தனையோ வருஷமாகிறது. "ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?" "அதெல்லாம் நல்லாத் தூங்குவாங்க சார்." அவன் படுக்கிற அறை வீட்டின் அந்தக் கோடியில், என் அறை இந்தக் கோடியில். நான் விடிய விடிய விழித்துக் கிடப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் நல்ல பிள்ளை. என் முழங்காலைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் அப்பாவை நினைத்தேன். அடுத்த நொடி உன்னை நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு எங்கள் அப்பாவை மறந்திருக்காது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தர்பார் ஆபீசில் நகல் எழுதிக்கொண்டிருந்தவர். சமஸ்தானம் போய் ராஜ்யம் இந்தியாவோடு சேர்ந்தபோது, அவர் ஆபீசையும் பூட்டிவிட்டார்கள். திருச்சிக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் போகலாம் என்றார்கள். அப்பா போகவில்லை. கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கீரனூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மாசத்துக்கு ஒரு தடவை கோட்டை எடுத்து வெயிலில் போட்டுத் தட்டி, திரும்பவும் அதே ஆணியில் மாட்டுவார். அதைப் போட்டுக்கொண்டு போக ஓர் இடம் இல்லையே என்பது அவர் முகத்தில் தெரியும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதும் அந்தக் கோட்டுக்குத் திரும்பவும் உயிர் வந்தது. எனக்கு வேலை தேடுகிறேன் என்று அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் காரியமாக, பழைய தர்பார் அதிகாரி ஒருவரிடம் போய் எனக்கு ஒரு கான்டக்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல குடும்பத்துப் பெண், நன்னடத்தை உடையவள் என்று இங்கிலீஷில் எழுதி, கீழே பெரிதாகக் கையெழுத்து. அந்த மனுஷர் என்னை வாழ்நாளில் பார்த்ததில்லை. அவருக்கே அப்போது வேலை கிடையாது. அப்பா மட்டும் அதைக் கோவில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்தார். நீ அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதுல எங்கிட்டுப் பார்த்தாலும் இவளக் காணோமே" என்றாய். அப்பா சிரித்துக்கொண்டார். உன்னிடம் மட்டும் அவருக்குக் கோபம் வராது.

குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுத்து வேலை என்று கேள்விப்பட்டு அப்பா என்னை அழைத்துப் போன கதையை எத்தனை தடவை என்னைச் சொல்லவைத்துச் சிரித்திருக்கிறாய். நிர்வாகி என்னைப் பார்த்து, "பேர் என்னம்மா?" என்றார். அப்பா சொன்னார். "என்ன படிச்சிருக்கே?" அதையும் அப்பா சொன்னார். "கணக்கு வருமா?" "வருமுங்க, நல்லா வரும்." "இங்கிலீஷ்?" "அதுவும் வருமுங்க." நான் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் நம் பக்கம் அதுதானே வழக்கம். துணைக்கு வந்த ஆம்பளை பேசுவார், பெண் நிற்பாள். பெண் பார்க்க வந்தால் எப்படி நிற்போமோ அப்படியே வேலை கேட்டும் நின்றோம். அந்த மனுஷர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, வேலை உங்களுக்கா, பொண்ணுக்கா?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். எங்கள் அப்பா எழுந்து நின்று, கோட்டுப் பித்தானைச் சரிசெய்துகொண்டு, "எனக்குக் குடுத்தாலும் செய்வேனுங்க" என்றார்.

நீ இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பாய்.   அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பா கோட்டைத் தட்டாமலேயே ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று இடங்களுக்குப் போனோம். எங்கேயும் அதே கதை. அப்பா பதில் சொல்லுவார், அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் தரையைப் பார்ப்பேன்.

அதற்கிடையில்தான் கந்தர்வக்கோட்டைக்காரர் பேச்சு வந்தது. முந்திரித் தோப்பு, கிணறு, வண்டிமாடு எல்லாம் உள்ளவர். முதல் சம்சாரம் தவறிப்போய், பிள்ளைகள் இருந்தன. எனக்கும் அவருக்கும் வயசு வித்தியாசத்தைச் சொல்லவே அம்மா வாயெடுக்க மாட்டாள். அப்பா என்னிடம் நேராகவே சொன்னார், "தைக்குள்ள ஒரு வேலை அமைஞ்சா இந்தப் பேச்சை விட்டுருவோம்மா. அமையலேன்னா அவருக்குச் சரின்னு சொல்லிருறேன். நான் கோட்டை மாட்டிக்கிட்டு எத்தனை வாசல் ஏறுறது?" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அத்தனை பயமாக இருந்தது.

நீ பிறந்த ஊர் கந்தர்வக்கோட்டை. அந்தக் குடும்பத்தை உனக்குத் தெரியும். ஊருணியில் குடத்தை முக்கிக்கொண்டே சொன்னாய்: "ஆளு கெட்டவரு இல்ல. ஆனா அந்த வீட்டுல பொம்பளைக கொரலு வாசலுக்குக் கேட்காது. செத்துப்போன அந்தம்மா கடைசியா என்ன நோவுல கெடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் சரியாத் தெரியாது. அது சொல்லவும் இல்ல, கேட்கவும் ஆளில்ல. நீயோ வாயில்லாப் பூச்சி. அங்கிட்டுப் போனேன்னா ஒன் சத்தம் எனக்கே மறந்துபோயிரும் புள்ள."

வாயில்லாப் பூச்சி. ஊரே எனக்கு வைத்த பேர் அது. நீ எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்து எதிர்வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து எனக்கும் சேர்த்து நீதான் பேசினாய். காய்காரனிடம் பேசுவாய், கண்டக்டரிடம் பேசுவாய், பேச ஆள் இல்லையென்றால் ஆட்டுக்குட்டியிடம் பேசுவாய். கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் உன் வீட்டுக்காரர் மலேயாவுக்குக் கப்பலேறிவிட்டார். நீயும் உன் மாமியாரும் மட்டும் அந்த வீட்டில். அவர் கடுதாசி போட்டால் எழுத்துத் தெரியாத உன் மாமியாருக்கு நீதான் படித்துக் காட்டுவாய். அவர் நாலு வரி எழுதியிருப்பார், நீ நாற்பது வரி படிப்பாய். "ஆத்தாவுக்கு இருமல் எப்படி இருக்குன்னு கேட்டிருக்காரு", "ஆத்தா கைக் கொழம்பு நெனப்பாவே இருக்காம்" என்று நீ படிக்கப் படிக்க அந்தக் கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

கந்தர்வக்கோட்டைப் பேச்சு வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒருநாள் காலையில் ஊருணியில் எல்லாரும் தண்ணீர் எடுத்துப் போன பிறகு, நீ குடத்தை இடுப்பில் ஏற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். நானும் உட்கார்ந்தேன். நீ ரொம்ப நேரம் பேசவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பிறகு நீயே சொன்னாய். மலேயாவிலிருந்து வந்த ஒருத்தர் உன் வீட்டுக்குத் துணி கொண்டுவந்து கொடுத்தாரே, அவர் கொல்லைப்பக்கம் வந்து உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உன் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது, பிள்ளையும் பிறந்துவிட்டது, இனிமேல் அவர் இந்தப் பக்கம் வரமாட்டார் என்று.

"கெழவிக்கு அவன் ஒருத்தன்தான். தெரிஞ்சா அன்னிக்கே படுத்துரும்" என்றாய். "அப்புறம் எந்த உறவைச் சொல்லி நான் இந்த வீட்டுல இருக்குறது? கந்தர்வக்கோட்டையில எங்க அண்ணன் பொண்டாட்டி வாசல்லயே நிறுத்திருவா. சொன்ன ஆளும் திரும்பக் கப்பலேறிட்டாரு. இனி இது எனக்கும் ஒனக்கும் மட்டும்தான்." முகத்தைக் கழுவிக்கொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு, தெருமுனையில் யாரையோ கேலி பேசிக்கொண்டே போனாய். நான் அதை எங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. அது என்னுடையது இல்லை, அதனால் சொல்லவில்லை.

புதுக்கோட்டை டாக்டரம்மாவிடம் ஆள் தேவை என்ற சேதியைக் கொண்டுவந்ததே நீதான். உன் மாமியாருக்கு மூச்சிரைப்பு. மாசா மாசம் அவர்களிடம்தான் கூட்டிக்கொண்டு போவாய். ராஜ வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் பொம்பளைகளுக்கென்று தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார்கள். மதராஸில் படித்தவர்கள், கண்டிப்பானவர்கள். "முன்னால உக்காந்து சீட்டு எழுத, படிச்ச பொண்ணு ஒண்ணு வேணும்னு சொன்னாக புள்ள. நான் ஒன் பேரைச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாய். அப்பா கோட்டை எடுத்தார். நீ தடுத்துவிட்டாய். "மாமா, அங்கிட்டு ஆம்பளைகளை உள்ளயே விடமாட்டாக. நான் துணைக்குப் போறேன்" என்றாய். அது முழுப் பொய். ஆம்பளைகள் தாராளமாக உள்ளே போய்வந்துகொண்டிருந்தார்கள். அப்பா கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, சர்டிபிகேட்டை மட்டும் மடித்து என் பையில் வைத்தார். "அவங்க கேட்கறதுக்கு முன்னாடியே இதைக் குடுத்துரு" என்றார்.

பஸ்ஸில் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாய். நிமிர்ந்து பாரு, கேட்டதுக்குப் பதில் சொல்லு, முந்தானையைக் கடிக்காதே. நார்த்தாமலை தாண்டுகிறவரைக்கும் சரி சரி என்று தலையாட்டினேன். ஊர் நெருங்க நெருங்க முந்தானை நுனி தானாக என் பல்லுக்குப் போய்விட்டது.

அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். தரையெல்லாம் பினாயில், பெஞ்சு நிறையப் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் ஒரு மாமியாரோ நாத்தனாரோ புருஷனோ. கதவுக்குப் பதிலாகப் பச்சைத் திரை. உள்ளே டாக்டரம்மா கேட்பது வெளியே கேட்கும். "எங்கம்மா வலிக்குது?" மாமியார் பதில் சொல்லும், "அடிவயித்துலயாம்." "எப்பலேர்ந்து?" "அமாவாசையிலேர்ந்தாம்." "நான் உங்களைக் கேட்கலை, அவளைக் கேட்டேன்." "அவ என்னத்தைச் சொல்லப் போறா, சின்னப் புள்ள, நானே சொல்றேன்." வயிறு ஒருத்தியுடையது, வாய் இன்னொருத்தியுடையது. டாக்டரம்மா குரல் ஏறிக்கொண்டே போனது. நீ என் விலாவில் இடித்து, "ஒங்க அப்பாரு இல்லாமப் போனாரு" என்றாய்.

என் முறை வந்தது. உள்ளே போனேன். சர்டிபிகேட்டை நீட்டினேன். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "இவர் உன்னை எத்தனை நாளாப் பார்த்திருக்கார்?" என்றார்கள். பார்த்ததே இல்லை என்று சொல்லவேண்டும், வாய் வரவில்லை. காகிதத்தை என் பக்கமே தள்ளிவிட்டார்கள். "எதுக்கு இந்த வேலைக்கு வந்தே?" அதற்கும் பதில் வரவில்லை. தைமாசம் என்று சொல்லவா, முந்திரித்தோப்பு என்று சொல்லவா? இந்தத் தடவை எனக்காகப் பதில் சொல்ல அப்பாவும் இல்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அப்பா என்னைப் பேசவிடாததால் நான் ஊமையாக நிற்கவில்லை, எனக்குப் பேசவே வரவில்லை என்று.

"இங்க வர்ற பொம்பளைங்க யாருமே வாயைத் திறக்கறதில்லை. அவங்களைப் பேச வைக்கிறதுக்குத்தான் எனக்கு ஆள் வேணும். பேசாத ஒருத்தியை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" என்றார்கள். திட்டவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நீ கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். "இங்கிட்டு உக்காரு" என்று என்னை பெஞ்சில் அழுத்தி உட்காரவைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் கேட்காமல் திரையை விலக்கி உள்ளே போய்விட்டாய்.

உன் சத்தம் ஊருணியில் பேசினால் பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கும். அன்றைக்குத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. திரைக்குக் கீழே உன் கால் மட்டும் தெரிந்தது. ஒரு கால் விரல் இன்னொரு கால் விரலை மிதித்துக்கொண்டே இருந்தது. சண்டை போடுகிறாயோ, கெஞ்சுகிறாயோ என்று தெரியாமல் நான் தவித்தேன். பிறகு டாக்டரம்மாவே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "திங்கக்கிழமை வா. ஒரு மாசம் பார்க்கறேன்" என்றார்கள்.

பஸ்ஸில் கேட்டேன், "உள்ள என்னடி சொன்னே?" நீ நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "ஒன் கான்டக்ட் சர்டிபிகேட்டைக் குடுத்தேன்" என்றாய். வீட்டுக்கு வந்து பையைப் பார்த்தால் அப்பா கொடுத்த காகிதம் மடிப்புக் கலையாமல் அதிலேயே இருந்தது. மறுநாள் கேட்டேன். "அது அது அப்படித்தான்" என்றாய். அதோடு விட்டுவிட்டேன். அப்பா கந்தர்வக்கோட்டைக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடுதாசி எழுதிப் போட்டார். அன்றைக்கு ராத்திரி அம்மா பாயாசம் வைத்தாள். நீ மூன்று தடவை வாங்கிக் குடித்தாய்.

அந்த வேலையில் நான் என்ன செய்தேன் என்று நீ கேலியாகக் கேட்பாய், "பேசாம இருக்குறதுக்குச் சம்பளமாடி?" உண்மையில் அதேதான். சீட்டையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருவேன். கூட வந்தவர்கள் பேசுவார்கள், பேசட்டும் என்று விடுவேன். நான் மறுத்தும் பேசுவதில்லை, தலையும் ஆட்டுவதில்லை. அவர்களுக்கு அலுத்துப்போய் வெற்றிலை போடவோ தண்ணீர் குடிக்கவோ எழுந்து போவார்கள். அப்போது அந்தப் பெண் மெதுவாகச் சொல்லுவாள். அடிவயிறு என்று மாமியார் சொன்னது நெஞ்சாக இருக்கும். விழுந்துவிட்டாள் என்று புருஷன் சொன்னது விழுந்ததாக இருக்காது. "உள்ள போயி நீயே டாக்டரம்மாகிட்ட இதைச் சொல்லு, நான் வெளிய இவங்களைப் பார்த்துக்கறேன்" என்பேன். ஒரு மாசம் பார்க்கிறேன் என்ற டாக்டரம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வாய் வந்தது. கல்யாணமும் நான் சரி என்று சொன்ன இடத்தில் நடந்தது.

அறுபதுகளில், வருஷம் சரியாக நினைவில்லை, டாக்டரம்மா மதராஸுக்கே திரும்பிவிட முடிவு செய்தார்கள். கடைசி வாரம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தோம். புட்டிகளைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவர்கள் சாதாரணமாகக் கேட்டார்கள், "உன் சினேகிதி எப்படி இருக்கா? மலேயாக்காரர் அப்படியே விட்டுட்டார் இல்ல?"

என் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்துவிட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அவதானே சொன்னா, உன்னைக் கூட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு" என்றார்கள். "பேசத் தெரியாதவ எனக்கு எதுக்குன்னு கேட்டேன். உடனே அவ வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னா. சொல்லிட்டு, 'இது தெரிஞ்சு ரெண்டு வருஷமாச்சுங்க. எங்க ஊர்ல இது நானும் அவளும் மட்டும் அறிஞ்சது. நாளைக்கு ஒங்ககிட்ட மருந்து வாங்க வர்ற எங்க மாமியாளுக்கே இன்னும் தெரியாது. தெரியலேன்னா அவ சொல்லலேன்னுதானே அர்த்தம்? ஒங்ககிட்ட வர்ற பொம்பளைக அவகிட்ட சொல்லுவாக, ஏன்னா நானே சொன்னேன். இதுக்கு மேல என்ன சர்டிபிகேட்டுங்க வேணும்?' அப்படின்னா. எத்தனையோ காகிதம் பார்த்திருக்கேன். அந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததில்லை."

 மாசா மாசம் உன் மாமியார் அந்த டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, "மகன் கடுதாசி போட்டிருக்கானுங்க" என்று பெருமையாகச் சொல்லும். அவர்கள் முகம் ஒரு தடவை மாறியிருந்தால் போதும். ஒரு வார்த்தை வாய் தவறியிருந்தால் போதும். உன் வீடு, உன் நடமாட்டம், நீ கடுதாசியில் சேர்த்துப் படித்த அத்தனை வரி, எல்லாம் போயிருக்கும். எனக்கு ஒரு சீட்டு எழுதுகிற வேலைக்காக அதைக் கொண்டுபோய் அந்த மேஜையில் வைத்திருக்கிறாய். வைத்துவிட்டு வந்து நிலக்கடலை தின்றிருக்கிறாய்.

அன்றைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக உன்னிடம் வந்தேன். நீ கொல்லையில் வரட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். "ஏண்டி அப்படிப் பண்ணினே?" என்று கேட்கும்போதே அழுதுவிட்டேன். உனக்கு உடனே புரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே கிழவி தூங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாய்.

"அவுக சர்டிபிகேட்டு கேட்டாக. எனக்கென்ன தர்பார்ல ஆளா இருக்கு? கையில இருந்தது அது ஒண்ணுதான். குடுத்தேன்" என்றாய். "நீ அழுகுறதப் பார்த்தா, குடுத்தது வீணாப் போகலேன்னு தெரியுது. கண்ணைத் தொடச்சுக்க, கெழவி எந்திரிச்சுரும்."

உன் மாமியார் கடைசிவரை தெரியாமலேயே போய்ச் சேர்ந்தது. மகன் வருகிறான் என்று நீ படித்துக் காட்டிய கடுதாசி தலையணைக்கு அடியில் இருந்தது. அதற்குப் பிறகும் நீ யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் என்ன என்று கேட்டபோது, "செத்த பெறகு அந்தக் கெழவியை ஏன் ஏமாளியாக்கணும்?" என்றாய். உனக்கு அதன்மேல் அத்தனை பிரியம் இருந்தது. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா போன பிறகு இன்னொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். போகப் போக ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பும் என்னிடம் வந்தது. உறையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டுவார்கள். நன்னடத்தை, நற்குணம், நல்ல குடும்பம், எல்லாம் அதே எழுத்து. படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவேன். வெளியே துணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிற ஆளைக் கூப்பிடச் சொல்வேன். அம்மாவோ அண்ணனோ தயங்கித் தயங்கி வந்து நிற்பார்கள். "நீங்க இவங்களை நம்பி எதையாவது சொல்லியிருக்கீங்களா? என்னன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். சொல்லியிருக்கீங்களா, இல்லையா, அது மட்டும் போதும்" என்பேன். முதலில் முழிப்பார்கள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலேயே எனக்கு வேண்டியது கிடைத்துவிடும். என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. நீ கொடுத்த விலையை இன்னொருத்தி கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

நீ போன அன்றைக்குத் தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. "புருஷன் சீமையிலயே செத்துப்போனான், இவ ஒத்தையிலயே காலத்தை ஓட்டிட்டா, பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். என்னையும் பார்த்து, "ஒங்களுக்குத் தெரியாததா" என்றார்கள். நான் வாயில்லாப் பூச்சியாக உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஒரு நாள் அந்தப் பேர் எனக்குப் பெருமையாக இருந்தது.

முழங்கால் கதையை முடிக்கவில்லையே. மகனிடம், "நீ செத்த நேரம் வெளிய இருப்பா, நான் பேசிக்கிறேன்" என்றேன். அவன் முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து அவனைச் சமாதானப்படுத்தினேன். டாக்டர் பையனிடம் எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, ராத்திரி ஏன் தூக்கம் வருவதில்லை எல்லாம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். நல்ல பையன். வெளியே வந்தபோது முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "துணைக்கு வந்தவங்க பேரு என்ன பாட்டி?" என்று கேட்டாள். வாய் வரைக்கும் உன் பேர்தான் வந்தது.

மகன் பேரைச் சொன்னேன். இந்த மடலிலும் பார், எங்கேயும் உன் பேர் இல்லை, உன் வீட்டுக்காரர் பேர் இல்லை, தெருப் பேரும் இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனிமேல் எழுதினால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுதவில்லையடி. எழுத மாட்டேன். அன்றைக்கு அந்தத் திரைக்குப் பின்னால் நின்று என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு வந்தாயே. நான் இருக்கிறவரைக்கும் அது பொய்யாகக் கூடாது.